பதினைந்து பேர் சேர்ந்தால் பிரிந்துவிட வேண்டும்

பேனா மூடியை நீட்டிப் பிடித்தபடி ஆஸ்கர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

சோபாவில் நெருக்கியடித்து நாலு பேர். மடக்கு நாற்காலிகளில் சிலர். தரைவிரிப்பில் சம்மணமிட்டுச் சிலர். சமையலறை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்ற எல்வீரா. பேனா மூடி ஒவ்வொரு தலைக்கும் நேராக ஒரு கணம் நின்று நகர்ந்தது. கடைசியில் ஜன்னலோரம் காகிதத் தட்டோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்றது.

"பதினைந்து!" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ கிதாரை ஒரு முறை வருடினார்கள். எல்வீரா மட்டும் கைதட்டவில்லை. ஈரத்துணியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை அது.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் அந்த அறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மனைவி என்கிற விசா

சென்ற இதழில் ஐஸ் புயலைப் பற்றி எழுதியபோது, கரண்ட் போன ராத்திரியில் எங்களுக்குச் சூடான காபி கொண்டுவந்து கொடுத்த கீழ்வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் யார் என்று இரண்டு வாசகிகள் கேட்டிருந்தார்கள். அவள்தான் எல்வீரா. ஒரு வரியில் முடிகிறவள் இல்லை.

கல்யாணமாகி டல்லாஸை ஒட்டிய இர்விங்குக்கு வந்த புதிது. சரவணனுக்கு வேலை விசா. எனக்கு அவருடைய மனைவி என்கிற விசா. அதை வைத்துக்கொண்டு சாப்பிடலாம், தூங்கலாம், நூலகத்துக்குப் போகலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. நான் மின்னணுவியல் படித்தவள். கோயமுத்தூரில் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பட்டியல் போடும் பழக்கம். காலையில் சரவணன் கிளம்பியதும் எழுதுவேன். ஒன்று, பாத்திரம். இரண்டு, துணி. மூன்று, ஊருக்குக் கடிதம். நான்கு என்று போட்டுவிட்டு, எதிரே எழுத ஒன்றும் இல்லாமல் பேனாவை மூடிவிடுவேன்.

இரண்டாவது வேலைக்காகப் போன இடத்தில்தான் எல்வீராவைப் பார்த்தேன். எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தின் நடுவே பொதுவான துணி துவைக்கும் அறை இருந்தது. சோப்புத் தூளும் சூடான பஞ்சும் கலந்த வாசனை அடிக்கும். உலர்த்தும் இயந்திரத்துக்குள் என் பருத்திச் சுடிதாரைப் போட்டுவிட்டு நின்றேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த குள்ளமான பெண்மணி, என்னைக் கேட்காமலே கதவைத் திறந்து சுடிதாரை வெளியே இழுத்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா இது பொம்மைக்குத்தான் ஆகும்," என்றாள்.

எல்வீரா பேசுவது பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ். நான் அதை என் தமிழில் எழுதுகிறேன். அவள் என்னை 'வெசினா' என்று கூப்பிடுவாள். அண்டை வீட்டுக்காரி என்று அர்த்தம். என் பெயரைச் சொல்ல முயன்று இரண்டாம் நாளே கைவிட்டுவிட்டாள்.

அவள் குவாத்தமாலாக்காரி. ஐம்பது வயதிருக்கும். இர்விங்கின் அலுவலகப் பகுதியான லாஸ் கொலினாஸில் அலுவலகங்கள் மூடியபிறகு அவற்றைச் சுத்தம் செய்யும் வேலை. சரவணன் வேலை பார்க்கும் கட்டடத்தைச் சொன்னதும் கண் மலர்ந்தது.

"மூணாவது மாடியா? ஜன்னலோரம்? மேஜைக்கடியில் மஞ்சளா ஏதோ தூள் கொட்டுற ஆளா?"

அது என் மாமியார் அனுப்பிய முறுக்கு. அன்றிரவு சரவணனிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் முறுக்கை டப்பாவுக்குள்ளேயே உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமை எல்வீராவுக்கு வேலை கிடையாது. அன்று சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபக் கூட்டம். கூப்பிட்டாள். நான் வாசலிலேயே சொன்னேன், "நாங்க இந்து."

"நாற்காலி காலியா இருக்கு. உட்காரு," என்றாள்.

ஏன் போனேன் என்று இப்போது யோசித்தாலும் ஒரு பட்டியல்தான் வருகிறது. மனிதர்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்கலாம். கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளலாம். சாப்பாடு. சோள மாவைப் பிசைந்து இலையில் சுற்றி அவிப்பார்கள், நம் கொழுக்கட்டை மாதிரி. பன்றிக்கறி வைக்காததை எனக்கென்று நூல் கட்டி அடையாளம் வைத்திருப்பாள். இந்த மூன்றும் சேர்ந்து என் நான்காம் எண்ணுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டன.

சரவணனுக்கு இது ஒரு வேடிக்கை. நான் படியேறி வரும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"என்ன அம்மிணி, அல்லேலூயா ஆயாச்சா?"

"இன்னும் இல்லீங்க. இன்னிக்குக் கொழுக்கட்டை வரைக்கும்தான் ஆச்சு."

"அப்ப எனக்கு ரெண்டு எடு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் கோயில் பாட்லக்கில் பார்த்த மைதிலி ஆன்ட்டி இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். "ஜாக்கிரதைடி கொழந்தே. முதல்ல சாப்பாடு போடுவா. அப்பறம் பாட்டு கத்துக்குடுப்பா. ஒரு நாள் ஸ்விம்மிங் பூலுக்கு அழைச்சிண்டு போய் முக்கிடுவா. எங்க ஆத்துக்காரர் ஆபீஸ்ல ஒருத்தன் அப்படித்தான் முங்கினான்."

என்னை யாரும் முக்கவில்லை. எல்வீரா ஒரு நாளும் என்னிடம் மதம் பேசியதில்லை. ஆனால் தன் சபை எப்படி வளர்ந்தது என்று பேசுவாள். துணி மடித்துக்கொண்டே பேசுவாள். நான் அந்த மாதிரிக் கதையை அதற்கு முன் கேட்டதில்லை.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு அடுப்பங்கரை

குவாத்தமாலா நகரத்தின் ஓரங்களில் ஆழமான பள்ளத்தாக்குகள் உண்டாம். பெரிய நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் அவற்றின் விளிம்பில் தகரத்தை நிறுத்திக் குடியேறினார்கள். எல்வீராவின் வீடும் அப்படி ஒன்று. மழைக்காலத்தில் பின்பக்க மண் சரிந்துகொண்டே இருக்கும். அடுப்பங்கரையை ஒவ்வொரு வருஷமும் ஓரடி முன்னால் நகர்த்துவார்களாம்.

அவள் புருஷன் கொத்தனார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை போதை. அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஊரே கத்தோலிக்கம். பெரிய கோயில் தூரத்தில், மேட்டில். பாதிரியாரைப் பார்ப்பது ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும்தான்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவிசேஷக்காரர்கள் வந்தார்கள். பெரிய கட்டடமோ அங்கியோ இல்லை. மேல்சந்தில் தையல் வேலை செய்கிற ஒரு பெண்தான் வந்தாள். எல்வீராவின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஜெபித்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அதற்கடுத்த வாரம் அவள் நாத்தனார்.

"எதுக்கு வந்தாங்க எல்லாரும்?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னா? அங்க ஒரு பொம்பள தன் வீட்டுல நடக்குறத சத்தமா சொல்லலாம். கண்ணை மூடிக்கிட்டுக் கடவுள்கிட்ட சொல்ற மாதிரி சொல்லலாம். பக்கத்துல இருக்குறவளுக்குக் கேக்கும். ஆனா அவ கேட்டான்னு ஆகாது."

பிறகு புருஷர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குடியை விட்டால்தான் உள்ளே வரலாம். விட்டவனைத் திரும்பக் குடிக்காமல் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் மாறி மாறி அவனோடு நடந்தார்கள். எல்வீராவின் புருஷனும் விட்டான். சில வருஷங்களில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

"குடிக்காம, நிதானத்தோட விழுந்தான்," என்றாள் எல்வீரா. "அந்தச் சில வருஷம் என் வீட்டுல ஒரு மனுஷன் இருந்தான், வெசினா. அதக் குடுத்தது இந்தச் சபை. இத மறக்க மாட்டேன்."

நாட்டில் சண்டை நடந்த வருஷங்கள் அவை. மலைக் கிராமங்களிலிருந்து சனங்கள் ஓடிவந்து அந்தப் பள்ளங்களில் நிறைந்தார்கள். வந்தவர்களுக்கு யாரையும் தெரியாது. ஏதோ ஒரு வீட்டில் பாட்டுக் கேட்டால் போய் உட்கார்ந்தார்கள். இப்படித்தான் வளர்ந்தது. கடைசியில் சபை நகரத்தின் நடுவில் ஒரு பழைய சினிமா தியேட்டரையே வாங்கியது.

முதல் ஞாயிறு எல்வீரா அங்கே போனபோது ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் டிரம்ஸ், மின்சாரக் கிதார். பால்கனி வரைக்கும் சனங்கள்.

"என் அடுப்பங்கரைல முதல்ல உக்காந்த பொம்பளைங்கள அன்னிக்கு முழுக்கத் தேடினேன். ஒருத்தியும் கண்ணுல படல. அங்கதான் இருந்தாங்க எல்லாரும்."

பிரிவதுதான் விதி

அவர்கள் சபைக்கு ஒரு விதி உண்டு. வீட்டுக் கூட்டம் பதினைந்து பேரைத் தொட்டால் இரண்டாகப் பிரிய வேண்டும். தலைவிக்குக் கீழே ஒரு துணைத்தலைவி எப்போதும் தயாராக இருப்பாள். அவள் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு, கூட்டமே இல்லாத வேறு பகுதிக்குப் போய் ஆரம்பிக்க வேண்டும். பழைய கூட்டத்துக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் இரண்டுமே வளராது என்பார்கள்.

எனக்கு இது உடனே புரிந்தது. செல்போன் கோபுரங்களை அப்படித்தான் அமைப்போம். ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் ஆட்கள் அதிகமானால் அந்த எல்லையைத் துண்டாக்கி இன்னொரு கோபுரம் வைப்போம். ஒன்றைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் யாருக்கும் லைன் கிடைக்காது. எல்வீராவுக்குக் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்க கோபுரம் அழுமா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதில் ஒரு நிதானம் இருந்தது. குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் பெருகி, ஒரு பிரிவு தொலைவுக்குக் குடிபோனால், பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதுக் கோயில் கட்டுவார்கள். என் அப்பாவின் ஆட்கள் அப்படித்தான் பவானிப் பக்கம் வந்தவர்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தரம் மூலக்கோயிலுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் குற்றம். பொங்கல் வைக்கும்போது பழைய சண்டையையும் புதுப்பித்துக்கொண்டு வருவார்கள். எல்வீராவின் சபையில் திரும்பிப் போனால்தான் குற்றம்.

இரண்டில் எது வேகமாக வளரும் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். எது நல்லது என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியவில்லை.

நோரா

எல்வீராவின் துணைத்தலைவி நோரா. எங்கள் வளாகத்திலேயே மூன்றாவது கட்டடம். எல்வீராவைவிடப் பத்து வயது இளையவள், உயரம், கணீரென்ற குரல். ஹோட்டல் அறைகள் சுத்தம் செய்யும் வேலை.

கத்தோலிக்கர்களாக இருந்த காலத்திலேயே நோரா எல்வீராவின் மகளுக்கு ஞானத்தாய் ஆனவள். குவாத்தமாலாவில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்பவளும் பெற்ற தாயும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிடுவார்கள். நம் சம்பந்தி உறவு மாதிரி, ஆனால் அதைவிட நெருக்கம். ஆயுளுக்கும் விடாது. சுவிசேஷக்காரர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அதனால் அவர்களிடம் கொமாத்ரே கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் 'எர்மானா', சகோதரி.

அந்தக் குழந்தை பத்து வயதில் காய்ச்சலில் போய்விட்டது. எல்வீரா அதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மகளை மடியில் வைத்திருந்தது இப்போது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் ஞாபகம் இருக்கிறது என்றாள். ஒன்று அவள். இன்னொன்று நோரா.

ஊரில் பிரிந்தவர்கள் பல வருஷம் கழித்து இர்விங்கில், மளிகைக்கடை வாசலில், பார்த்துக்கொண்டார்கள். அதற்குப்பிறகு தினமும் ஒரு வேளைச் சாப்பாடு சேர்ந்துதான்.

ஆகவே எல்வீராவுக்குப் பதினைந்து என்பது பயம். கூட்டம் நிறைந்தால் நோரா போய்விடுவாள். எங்கே என்பதும் முடிவாகியிருந்தது. ஃபோர்ட் வொர்த்துக்கு அப்பால் ஒரு இடம். அங்கே பஸ் கிடையாது. இருவரிடமும் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டல்லாஸ் சபையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அன்று நோராவுக்கு வேலை.

எல்வீரா என்ன செய்தாள் என்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். லோபெஸ் குடும்பம் ஒரு வாரம் வந்தால் மறு வாரம் வராது. அவர்கள் வராத வாரம் பக்கத்துக் கட்டடத்து அக்கா தங்கைகள் வருவார்கள். இரண்டு தரப்பையும் ஒரே வியாழக்கிழமை நான் பார்த்ததே இல்லை. நோரா வாசல் வாசலாகப் போய் ஆள் கூப்பிடுவாள். எல்வீரா பின்னாலேயே போய், இந்த வாரம் இடம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வருவாள்.

கூட்டத்தில் எழுந்து நின்று, ஆண்டவரே எங்களைப் பெருகச் செய்யும் என்று கண்ணீரோடு ஜெபிக்கவும் செய்வாள். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

ஜன்னலோர நாற்காலி

இப்போது பேனா மூடிக்குத் திரும்புகிறேன். ஆஸ்கர் டல்லாஸ் சபையிலிருந்து வந்த மேற்பார்வையாளர். நல்ல மனிதர். டை கட்டியிருப்பார், காலுறை இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கும்.

நான் எழுந்து நின்றேன். "என்னை எண்ணாதீங்க. நான் இந்து. சாப்பாட்டுக்குத்தான் வர்றேன்."

அறை சிரித்தது. ஆஸ்கரும் சிரித்தார்.

"எர்மானா, நாங்க எல்லாருமே அப்படித்தான் ஆரம்பிச்சோம். நானே ஒரு தட்டு பீன்ஸுக்காக வந்தவன்."

"இல்லை," என்றாள் எல்வீரா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அவ என் வெசினா. எனக்காக வர்றா. அவளை எண்ணுறது மரியாதை இல்ல."

ஆஸ்கர் என்னைப் பார்த்தார், எல்வீராவைப் பார்த்தார். பேனா மூடியைப் பேனாவில் செருகினார்.

"சரி. பதினாலு. அடுத்த முறை பார்ப்போம்."

எல்வீராவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் மூச்சு வந்தது. அப்போது நோரா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"எல்வீரா, லோபெஸ் வீட்டுக்காரங்களை இன்னிக்கு ஏன் வர வேண்டாம்னு சொன்னே?"

 அடுப்பில் பாத்திரத்தின் மூடி நீராவியில் கடகடத்தது.

"அவங்க அஞ்சு பேர்," என்றாள் நோரா, ஆஸ்கரைப் பார்த்து. "மாசக்கணக்கா வர்றாங்க. நாங்க எப்பவோ பத்தொன்பது."

அடுப்படியில்

நோராவைத் தவிர எல்லோரும் போனபிறகு நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். போய்விடலாம் என்று கை துடைத்தேன். எல்வீரா, "இரு," என்றாள். அதனால் இருந்தேன்.

"என்கிட்ட வந்து தனியா கேட்டிருக்கலாம்," என்றாள் நோராவிடம்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

எல்வீரா அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"எனக்குப் போகணும்," என்றாள் நோரா. "யாரும் என்னைத் தள்ளல. எனக்கே போகணும். பகல் பூரா அடுத்தவன் படுத்த கட்டிலை விரிக்கிறேன். இது ஒண்ணுதான் என்னால முடியும்னு எனக்குத் தெரிஞ்ச வேலை. பேசினா சனம் கேக்குது. நான் உனக்குத் துணையா ஓரத்துல நின்னுக்கிட்டே கிழவியாகணுமா?"

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

"உன் அடுப்பங்கரைலேர்ந்து முதல் முதலா யாரை அனுப்பினே, ஞாபகம் இருக்கா? என் பேரைத்தான் வாசிச்சே. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போன்னு சொன்னே. எம் பொண்ணு மாதிரி இருந்தவ செத்து ஒரு வருஷம் ஆகல. உன்னை விட்டுப் போக மாட்டேன்னு அழுதேன். நீ என்ன சொன்னே? இது சாவு வீடு இல்ல, பிரசவம், சிரின்னு சொன்னே. நீயும் சிரிச்சே."

"அப்ப நான் நம்பினேன்," என்றாள் எல்வீரா.

"நான் இப்பவும் நம்புறேன். உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, என் கையிலிருந்த ஈரத்தட்டை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தாள். எந்தத் தட்டு எங்கே என்று அந்த வீட்டில் அவளுக்குத் தெரியும்.

மடக்கு நாற்காலிகள்

பிரித்து அனுப்பும் நாளில் தலைவிதான் போகிறவர்களின் பெயரை வாசிக்க வேண்டும். நல்ல ஆட்களைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை அனுப்பும் தலைவிகள் உண்டாம். எல்வீரா கிதார் வாசிக்கும் பையனை அனுப்பினாள். லோபெஸ் குடும்பத்தை முழுசாக அனுப்பினாள். அவர்களிடம்தான் வேன் இருந்தது, அவர்கள் அந்தப் பக்கமே குடிபோகவும் சம்மதித்திருந்தார்கள். கடைசியில் நோராவின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். நெடுநேரம் ஜெபித்தாள். சிரிக்கவில்லை.

நாற்காலிகளையும் சமமாகப் பிரிப்பது வழக்கம். வேனில் இடம் போதாமல் மூன்று நாற்காலிகள் எங்கள் காரில் வந்தன. எனக்கு லைசென்ஸ் கிடைத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. சரவணன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிரீவே முழுக்க, "லேன் மாத்தாதே அம்மிணி, மாத்தாதே, மாத்தாதே," என்று ஜெபித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் நோரா நாற்காலிகளைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு அபார்ட்மென்ட் வளாகத்தையும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பிறகுதான் எல்வீரா என்னை ஆச்சரியப்படுத்தினாள். அடுத்த வாரமே வாசல் வாசலாகப் போக ஆரம்பித்தாள். குளிரில், வேலைக்குப் போகுமுன், கொழுக்கட்டைப் பாத்திரத்தோடு. சில நாள் நானும் கூடப் போனேன். பழைய ஆளே இல்லை. யாரையும் அடுத்த வாரம் வா என்று சொல்லவில்லை.

"என்ன, திடீர்னு இவ்வளவு வேகம்?" என்றேன்.

மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து சொன்னாள். "தலைவி விரும்பினா, துணைக்குப் பதிலா அவளே புதுப் பாதியோட போகலாம். எங்க போகணும்னு கேக்கவும் செய்யலாம். இது நிறைஞ்சா நான் ஃபோர்ட் வொர்த் பக்கம் கேப்பேன். அவ தெருவுக்கு அடுத்த தெரு, அங்க இன்னும் கூட்டம் இல்ல. பழைய கூட்டத்துக்குத் திரும்பினதா ஆகாது. விதியும் மீறினதா ஆகாது."

எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

இலை உதிரும் காலத்தில் கூட்டம் நிறைந்தது. அதற்குள் நோராவிடமிருந்து போன் வருவது நின்றுபோயிருந்தது. எல்வீரா ஆஸ்கருக்குத் தானே போன் போட்டு வரச் சொன்னாள். தன் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தாள். ஆஸ்கர் எண்ணி முடித்தார். எல்வீரா தன் விருப்பத்தைச் சொன்னாள்.

ஆஸ்கர் முகம் பூரித்துப் போயிருந்தது. "எர்மானா, அங்க இப்ப ஆள் தேவையே இல்லை! நோரா கூட்டம் உங்களுக்கு முந்தியே நிறைஞ்சு, பிரிஞ்சு, அதுல ஒண்ணு மறுபடி நிறைஞ்சிருச்சு. அவளைப் போன மாசம் ஊருக்கே அனுப்பிட்டோம். மலை மேல, இன்னும் ஒரு சபைகூட இல்லாத ஊர். அவளே கேட்டு வாங்கிக்கிட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

எல்வீராவிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் இல்லை. குவாத்தமாலாவுக்குப் போனால் திரும்பி வர முடியாது. அங்கே போய்ச் சேர்ந்தாலும் நோரா அங்கேயே இருப்பாள் என்று யார் சொல்ல முடியும்?

அவள் தலையாட்டிவிட்டு, தன் புதுத் துணைத்தலைவியின் பெயரையும் பாதிப் பெயர்களையும் வாசித்து அனுப்பினாள். நன்றாகவே ஜெபித்தாள்.

நல்வரவு

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "வெசினா, நோரா கூட்டம் நடத்துன வீட்டுக்கு உனக்கு வழி தெரியும்ல? ஒரு தரம் கூட்டிப் போ."

போனோம். நோரா ஆரம்பித்த கூட்டம் அதே வீட்டில் நடந்துகொண்டிருந்தது. நீலக் கதவு, உள்ளே பாட்டு. நாங்கள் நுழைந்ததும் ஓர் இளைஞன் எழுந்து வந்தான். தலைவன் என்று தெரிந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கிதார் பையனும் லோபெஸ் குடும்பமும் எங்கே என்று பார்த்தேன். அவர்களும் பிரிந்து வேறெங்கோ போயிருக்க வேண்டும். அந்த அறையில் எல்வீராவை அறிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

"நல்வரவு எர்மானா!" இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "முதல் தடவை வர்றீங்களா?"

எல்வீரா அவனை ஒரு கணம் பார்த்தாள். "ஆமாம்," என்றாள்.

"எங்களைப் பத்தி எப்படிக் கேள்விப்பட்டீங்க?"

"பக்கத்துல ஒரு வேலையா வந்தேன். பாட்டுக் கேட்டுது."

அவன் சந்தோஷமாக அவளை முன்வரிசையில் உட்காரவைத்து, சபை என்றால் என்ன, ஜெபிப்பது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். எப்படிக் கண்ணை மூட வேண்டும் என்றுகூடக் காட்டினான். எல்வீரா மூடிக்கொண்டாள்.  எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவள் கை என் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஃபிரீவேயில் மழை தூறியது.  ஏதாவது ஆறுதலாகச் சொல்ல ஸ்பானிஷில் வார்த்தை தேடினேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் சாப்பாட்டு வார்த்தைகள்.

இர்விங் எக்ஸிட் வந்தபோது எல்வீரா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"நல்லாப் பாடுறாங்க," என்றாள்.